மூலையில் இருக்கும் கையெழுத்து

சென்னையின் பாடியில் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. ஓட்டுக்கூரையும் சிமென்ட் திண்ணையும் கொல்லையில் ஒரு முருங்கையுமாக இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. இடிப்பதற்கு முன் பரண் ஒழிப்பார்கள். ஈயம் போன பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, தையல் இயந்திரத்தின் மூடி இவற்றோடு, பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதிகளும் கீழே இறங்கும். முதுகில் காலிக்கோத் துணி, உள்ளே மைதாப் பசையின் மக்கிய வாசனை, புரட்டினால் ஓரம் பொடிந்து விழும் தாள். அந்த வாசனை ஒன்று போதும். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வாரப் பத்திரிகைகளோடு வாழ்ந்த காலம் முழுவதும் நினைவில் எழுந்துவிடும். இப்போது அந்தத் தொகுதிகள் எடைக்குப் போகின்றன. கதைகள் போவதால் பெரிய நஷ்டம் இல்லை. அவற்றில் பெயர் பெற்றவை பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டு கடையில் கிடைக்கின்றன. திரும்பக் கிடைக்காமல் போவது படங்கள்தான். கதையோடு வாரா வாரம் வந்த கோட்டோவியங்களும், அவற்றின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த கையெழுத்துகளும்.

லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று தொழிற்சாலைகள் வந்தபின், ஷிப்டுச் சங்கை வைத்துப் பொழுதை அளந்த ஊர் இது. வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், ஒரு வீட்டில் வாங்கும் பத்திரிகையை நாலு வீடு படிக்கும். சலூனில் ஒரு பிரதி அட்டை கிழிந்து கிடக்கும். எல்லோரும் படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, குண்டூசி குத்தி, வாரக் கணக்கு பிசகாமல் அடுக்கிவைப்பார்கள். தொடர் முடிந்ததும் அது பைண்டரிடம் போகும். அப்படிப்பட்ட தொகுதியில் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் பாதி நறுக்கப்பட்ட ஒரு துணுக்கு, அதன் கீழே தலைவலி மருந்து விளம்பரம். முன்பக்கத்தில் கதையின் இரண்டு பத்திகளை ஒதுக்கிக்கொண்டு ஒரு படம்; குதிரையின் பிடரியைப் போலவே வேகமாக இழுத்த கோடு, கீழ்க்கோடியில் ‘மணியம்’. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் அவர். அதே கதை பின்னர் மறுபடியும் தொடராக வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். யாருடைய குந்தவை சரியான குந்தவை என்று வாசகர்கள் வாதாடினார்கள். ஓவியக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் செய்த வாதம் அது. ஒரு ஓவியரின் கோட்டை இன்னொருவர் கோட்டிலிருந்து பிரித்தறியும் பழக்கம், கலை விமரிசனம் என்ற பெயர் இல்லாமலே, நடுத்தர வீடுகளில் இருந்திருக்கிறது.

தமிழர்களின் ஓவியக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்டால் இந்தத் தாள்களைத்தான் காட்ட வேண்டும். எழும்பூரில் அருங்காட்சியகம் இருந்தது, கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி இருந்தது, கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். மூன்றுமே நல்ல இடங்கள். ஆனால் வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு பார்த்த பாடிக்காரருக்கு ஈஞ்சம்பாக்கம் நகரத்தின் மறுகோடி. அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது பத்திரிகை. சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ ஆனந்த விகடன் வழியாக வந்தது. ‘தில்லானா மோகனாம்பா’ளின் சிக்கல் சண்முகசுந்தரம் கோபுலுவின் தூரிகையில் வந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து வந்த நவீன ஓவியர் ஆதிமூலம்கூட அப்படித்தான் வந்தார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தியின் கோட்டோவியங்களைக் காட்சிக்கூடத்தில் பார்த்தவர்கள் சிலர், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் ஜூனியர் விகடனில் வரைந்த கரிசல் மனிதர்களைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நவீன ஓவியம் புரியாது என்று சொன்னவர்களும் அந்தக் கோடுகளை ரசித்தார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் தனியாக வரவில்லை. யார் வரைந்தது, எந்தக் கதைக்கு, எந்தக் கோயிலின் எந்தச் சிற்பம் என்ற விவரத்தோடு வந்தது. கோபாலனைக் ‘கோபுலு’ ஆக்கியதும், சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயரிட்டதும் விகடனின் மூத்த ஓவியர் மாலிதான். ஓவியருக்கு ஒரு பெயர் வேண்டும், அதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை பத்திரிகைக்குள்ளேயே இருந்தது.

நாள்காட்டிகளிலும் இந்தப் பெயர் வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பு நெருங்கினால் பாடிக் கடைகளில் மளிகை வாங்குகிறவர்களுக்கு ஒரு தினசரி காலண்டர் கிடைக்கும். கீழே தேதி கிழிக்கும் கட்டு, மேலே முருகனோ லட்சுமியோ. சிவகாசியில் அச்சாகி வந்த அந்தப் படங்களில் ஒரு பெரும்பங்கு கோவில்பட்டியின் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. கடவுள் படத்தின் ஓரத்திலும் வரைந்தவர் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால்தான் பிற்பாடு ஸ்டீபன் இங்லிஸ் போன்ற ஆய்வாளர்கள் அந்த மரபின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டி வரை வர முடிந்தது. 1976-இல் மறைந்த ஒருவரைப் பற்றி இன்றும் பேச முடிகிறது. சினிமா பேனர் வரைந்தவர்களை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் கனக்கிறது. தியேட்டர் வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரே இரவில் முகம் எழுப்பியவர்கள் அவர்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கன்னத்தில் இளஞ்சிவப்பும் நெற்றியில் நீலமும் பூசி, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் உயிர் வருகிற மாதிரி தீட்டிய கைகள். படம் தியேட்டரை விட்டுப் போனதும் பேனர் துணியின் மேல் வெள்ளை அடித்து அடுத்த முகம் வரைவார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் தொழிலே போயிற்று. மாநகராட்சி சாலைச் சுவர்களில் ஓவியம் தீட்டியபோது சிலருக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். பிரெமிந்தா ஜேக்கப் ‘செல்லுலாய்ட் டெய்ட்டீஸ்’ நூலுக்காக (2009) சென்னையின் பேனர் கலைஞர்களைச் சந்தித்துப் பதிவு செய்திராவிட்டால் அவர்களில் பலர் பெயர் நமக்குத் தெரியவே வாய்ப்பில்லை. நகரமே அண்ணாந்து பார்த்த படங்களுக்கு இந்தக் கதி. உள்ளங்கை அகலப் பத்திரிகைப் படம் இன்னும் ஆளோடு நினைவில் இருக்கிறது. திறமையில் பேனர் ஓவியர் எந்த விதத்திலும் குறைந்தவரல்ல. அவர் பெயர் படத்தோடு பயணம் செய்யவில்லை.

இன்றைக்குப் படங்கள் வந்து சேரும் இடம் கைபேசி. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வருகின்றன, விடிவதற்குள் பத்து. வரவேற்க வேண்டிய விஷயம்தான். கும்பகோணத்தில் நேற்று வரைந்த நீர்வண்ணம் இன்று பாடியில் தெரிகிறது; யாழ்ப்பாணத்து ஓவியரின் கண்காட்சியைத் திருமுல்லைவாயலில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. ஆனால் படம் வரும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மண் சுவர் வீட்டின் வாசற்படியில் ஒரு பெண். பக்கவாட்டிலிருந்து விழும் வெயில் முகத்தில் பாதியைத் தொட்டு, சேலை மடிப்பில் உடைந்து, தரையில் படிகிறது. படத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு ரோஜாக் கொத்து, அதன் மேல் ‘இனிய காலை வணக்கம்’. அந்த ரோஜா உட்கார்ந்திருக்கும் இடம்தான் ஓவியர் கையெழுத்திட்ட மூலை. அப்படி எண்ணற்ற முறை சுற்றி வந்தவை எஸ். இளையராஜாவின் ஓவியங்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு ஓவியக் கல்லூரிகளில் படித்தவர் அவர். தமிழ்ப் பெண்களின் கறுத்த நிறத்தையும் அவர்களுடைய வீட்டின் வெளிச்சத்தையும் தளர்வில்லாத பொறுமையோடு எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவந்தவர். அவர் படங்களோடு பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வந்த வாசகம், ‘இது புகைப்படம் அல்ல, ஓவியம்’. பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பாராட்டில் கைத்திறன் இருந்தது, கைக்கு உரியவர் இல்லை. 2021 ஜூனில், நாற்பதைத் தாண்டிச் சில வருஷங்களிலேயே, கொரோனா அவரைக் கொண்டுபோனது. அஞ்சலிக் குறிப்புகளோடு அவருடைய படங்கள் மறுபடியும் வந்தபோதுதான் பலருக்கு, பல காலமாகத் தங்கள் கைபேசியில் இருந்த அந்தப் பெண்களை வரைந்தவர் ஒரே ஆள் என்பதும், அவர் நம் காலத்தவர் என்பதும் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய நன்றியை இரங்கலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் சொல்ல வருவது இதுதான். பத்திரிகை ஆசிரியர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது படத்தைப் பகிர்கிற ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் படம் நாலு வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு வந்துவிட்டது. அந்த நாற்காலியோடு சேர்ந்த கடமையும் வந்திருக்கிறது. அந்தக் கடமை பெரிய சுமை ஒன்றுமில்லை. வரைந்தவர் பெயர், ஊர், எந்த ஊடகத்தில் வரைந்தது, தெரிந்தால் ஆண்டு. நாலு சொல். தெரியாவிட்டால் தேடலாம். படத்தின் மேல் ஒட்டிய பூவையும் வணக்கத்தையும் விட்டுவிட்டு மற்ற பகுதியைக் கொடுத்தால், படத்தை வைத்தே படத்தைத் தேடும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது. வந்த முடிவுகளில் வெட்டுப்படாத, அகலமான பிரதி எதுவோ அதன் மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கையெழுத்து கிடைத்துவிடும். அங்கிருந்து ஓவியரின் சொந்தப் பக்கத்துக்குப் போனால் அவர் எழுதிய குறிப்பே இருக்கும். இத்தனைக்கும் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகாது.

பெயரோடும் இடத்தோடும் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி, 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் வந்தது. இருபத்தாறு நாவல்கள். அதன் தொடக்க நாவல்களில் அத்தியாயங்களோடு ஷண்முகவேலின் ஓவியங்கள் வந்தன. கணினியில் தீட்டியவை, யானைகளும் காடுகளும் பெருநகர வாயில்களும் ஆழ்ந்த இருளுக்குள் ஓர் ஒளிக்கற்றையில் நிற்கும் மனிதர்களும். கண்காட்சியோ விழாவோ இல்லாமல் ஓர் ஓவியர் உலகெங்கும் உள்ள தமிழ் வாசகர்களிடம் பெயர் சொல்லி அறியப்பட்டார். வாசகர்கள் கதையைப் பற்றி எழுதிய கடிதங்களில் படத்தைப் பற்றியும் எழுதினார்கள். மணியத்துக்குக் கல்கி செய்ததை ஒரு இணையத் தொடர் ஷண்முகவேலுக்குச் செய்தது. தாள் போய்த் திரை வந்ததால் ஓவியர் பெயர் அழிந்தே தீரும் என்பது உண்மையானால் இது நடந்திருக்காது. ஆகவே குற்றம் திரையின் மேல் இல்லை. ஓவியத்தை அனுப்புகிற பழக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது பலமானது. நம் மரபில் கலைஞன் பெயர் போட்டுக்கொண்டதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பி யார், சித்தன்னவாசல் தாமரைக் குளத்தை வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கலை எல்லோருக்கும் பொது, பெயர் ஆசை மேலைநாட்டிலிருந்து வந்தது என்பார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மரபு சொல்வது வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்துவைத்த கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர் இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தஞ்சையில் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு எவ்வளவு நெல் என்பது வரை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய பெண்ணின் பெயரும் ஊரும் கல்லில் நிற்கின்றன. இன்னும் பக்கத்தில் வருவோம். பாடியின் நடுவே இருக்கும் திருவலிதாயம் தேவாரப் பாடல் பெற்ற தலம். வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சியும் என்றால் வரிசை தெருவரை நிற்கும் கோயில். அதன் மேல் ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தின் கடைசிப் பாட்டில் அவருடைய பெயர் இருக்கிறது. அவருடைய ஊரான காழியும் இருக்கிறது. இந்த ஒரு பதிகத்தில் மட்டுமல்ல, தம் பதிகங்களின் முடிவில் பெயரை வைப்பது அவர் வழக்கம். ஓதுவார் வாயிலிருந்து ஓதுவார் வாய்க்கு ஏடே இல்லாமல் போனாலும், பாடியவர் யார், எந்த ஊர் என்பது பாட்டை விட்டுப் பிரியாதபடி அவர் செய்துவைத்தார். பெயரையும் ஊரையும் கலையோடு சேர்த்தே அனுப்பும் வழக்கத்துக்கு இந்தப் பாடியிலேயே அவ்வளவு பழைய சாட்சி இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பியின் பெயர் தெரியாமல் போனது நமக்கு நேர்ந்த இழப்பு. அந்த இழப்பைக் கொள்கையாக்கி உயிரோடு இருக்கும் ஓவியர் மேல் ஏற்றுவதில் நியாயம் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் புகழ் வரத்தானே செய்கிறது, படம் பரவினால் ஓவியருக்கு நல்லதுதானே என்றும் கேட்கிறார்கள். பரவுவது படம், புகழ் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெயர் கழன்ற படம் அச்சுக் கடைக்குச் சரக்காகிவிடுகிறது. திருமண மண்டப வாசலிலும் ஓட்டல் சுவரிலும் புத்தக அட்டையிலும் ஃபிளெக்ஸாக ஏறிவிடுகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாததால் கேட்கவில்லை என்று சொல்லிவிடவும் வசதியாகிறது. ஓவியம் தீட்டி வயிறு வளர்ப்பது நம் ஊரில் என்றைக்கும் சுலபமாக இருந்ததில்லை. சோழமண்டலத்து ஓவியர்களே பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியம் வரைய நேரம் சம்பாதித்தார்கள். பெயரின் இந்த மதிப்பைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து தம் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் கழற்றிக் கிடங்கில் போடப்பட்டதை எதிர்த்து அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசாங்கத்துக்கே இல்லாத உரிமை, காசு கொடுக்காமல் அனுப்புகிறவருக்கு எப்படி வரும்? ஆனாலும் வீட்டுக் குழுக்களில் படம் அனுப்புகிறவர்கள் மேல் சட்டத்தை எடுத்து வீசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அவர்கள் அழகான ஒன்றைத் தம் மனிதர்களுக்குக் காட்ட நினைத்தார்கள், அந்த எண்ணத்தை மதிக்கிறேன். அதே எண்ணம் இன்னும் நாலு சொல் தூரம் நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஓவியர்கள் பக்கத்திலிருந்தே வரும் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நாலு அடி அகலத் துணியில் எண்ணெய் வண்ணத்தின் தடிப்போடு இருப்பதை உள்ளங்கைக் கண்ணாடியில் பார்ப்பது பார்ப்பதே அல்ல, அதனால் இணையத்தில் கலையை அறிமுகப்படுத்துவதே ஏமாற்று என்கிறார்கள். ஆதிமூலத்தின் பிற்கால வண்ணப் பரப்புகளை அச்சில் மட்டும் பார்த்தவருக்கும் நேரில் பார்த்தவருக்கும் உள்ள தூரம் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் பத்திரிகையும் அந்தக் குறையோடுதான் வந்தது. நியூஸ்பிரிண்ட் தாளில் மை ஊறிக் கோடு தடிக்கும். இரண்டு வண்ண அச்சில் சிவப்பு நகர்ந்து உதட்டுக்கு வெளியே விழும். அதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை கண் பழகியது. பிரதி முழுமையல்ல என்பதற்காக அதை விலக்குவதைவிட, முழுமை எங்கே இருக்கிறது என்பதை அதோடு சொல்லி அனுப்புவது மேல். அளவு இன்னது, துணியா தாளா சுவரா, இப்போது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அந்த வேலையைச் செய்யும். சென்னை கண்ணகி நகரில் 2020-ஐ ஒட்டிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் எழுந்த மாபெரும் ஓவியங்கள் இணையத்தில் தபால்தலை அளவுக்குத்தான் தெரிகின்றன. அது ஒரு கட்டடத்தின் முழு உயரம், இன்ன ஊரில் இருக்கிறது என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறவர்கள் போவார்கள்.

விவரம் கழன்றால் படமே இல்லாமல் போய்விடும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உதாரணம். ஓவியர் தா. சனாதனன் 2011-இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற பொருளில் தலைப்பிட்ட ஒரு நூலை உருவாக்கினார். தோம்பு என்பது இலங்கையில் நிலப் பதிவேடு. போரில் வீடிழந்து இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழர்களும் முஸ்லிம்களும் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துகொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஒட்டிக் கட்டடக்கலைஞரின் துல்லியமான வரைபடம், பிறகு சனாதனனின் ஓவியம். அதிலிருந்து ஒரு தாளை மட்டும் எடுத்து, பெயரும் ஊரும் இல்லாமல் அனுப்பினால் என்ன தெரியும்? கோணலாகப் போட்ட நாலு கோடு, ஒரு கிணறு, ஒரு மாமரம். யாரோ வீட்டு மனைக்குப் போட்ட நகல் என்று தள்ளிவிடுவோம். இது இன்ன ஊரில் இருந்த வீடு, அதில் வாழ்ந்தவர் கையால் வரைந்தது, அந்த வீடு இப்போது இல்லை என்று அறிந்த நிமிஷத்தில் அந்தக் கிணற்றின் வட்டம் கண்ணை விட்டு அகலாது. இந்தப் படைப்பில் விவரம்தான் பாதி ஓவியம். மற்ற ஓவியங்களிலும் நாம் நினைப்பதைவிட அதிகப் பங்கு அதற்கு உண்டு. அழகான முகத்தை வரைந்த படத்தில் அந்தப் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கிறது, அவ்வளவே.

கடைசியாக, இவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தால் யார் எதை அனுப்ப முடியும், நாளுக்கு நூறு படம் வருகிறதே என்பார்கள். நூறையும் அனுப்ப வேண்டியதில்லை என்பது என் பதில். வாரம் ஒரு படத்துக்குக் காத்திருந்தவர்கள் அதை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருந்தார்கள். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஜப்பானிய கிப்லி ஸ்டூடியோவின் பாணியில் குடும்பப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வரைந்து தள்ளியதை எல்லோரும் பார்த்தோம். அந்த ஸ்டூடியோவின் மியாசாகியும் அவர் சகாக்களும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கையின் சாயல் ஒரு வாரத்தில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. நம் ஓவியர்களின் சாயலும் அதே வழியில் வரும். யார் வரைந்தது என்று அறியாமல் ரசித்துப் பழகியவருக்கு, எவருமே வரையாத படம் வரும்போது வித்தியாசம் தெரியாது. வினுவின் குந்தவையையும் மணியத்தின் குந்தவையையும் பிரித்தறிந்து வாதாடிய கண்களுக்குத் தெரியும். அந்தக் கண்கள் பெயர்களைக் கொண்டே பழகியவை.

இன்னும் ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். மணியத்தையும் சில்பியையும் இனி நேரில் பார்க்க முடியாது. இன்று கைபேசியில் வரும் படங்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் நம்மோடு இதே ஊர்களில் இருக்கிறார்கள். 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. பாடிக்காரர் திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால் அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் இறங்கலாம். கும்பகோணத்துப் பிள்ளைகளும் சென்னையில் வந்து கண்காட்சி வைக்கிறார்கள். படத்தோடு ஒரு பெயர் வந்தால் அந்தப் பெயருக்கு எழுதிக் கேட்கலாம்: அடுத்த கண்காட்சி எப்போது, இது விற்பனைக்கா, கையெழுத்திட்ட அச்சுப் பிரதி கிடைக்குமா, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா. ஓவியர்கள் பதில் எழுதுகிறார்கள். வாசலுக்கு வருகிறவரை உட்காரவைத்து, சுவரோரம் திருப்பிவைத்த துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுகிறார்கள்.